ஹெட் கேஸ்கட் எரிந்தால் முதலில் ரேடியேற்றரைப் பாருங்கள்

பழைய மெசி 135 உழவு மிசின் ஒன்றின் ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சின் புளொக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வாயுவும் தண்ணீரும் கசியாமல் அடைக்கும் தகடு, இரண்டு வேலைகளில்தான் அதிகம் எரியும்: சேறடிப்பிலும் சூடடிப்பிலும். திருகோணமலைப் பக்கத்தில் தம்பலகாமத்திலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் இந்த மிசின் ஓடும் இடங்களில் இதற்கான காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. சேற்றில் இரும்புச் சில்லோடு இறங்கிய மிசின் முழுச் சுமையில், ஆள் நடக்கும் வேகத்தில் மணிக்கணக்காக ஓடுகிறது. எதிர்க்காற்று இல்லை, எஞ்சினைக் குளிர வைப்பது ஃபேன் மட்டும்தான். சூடடிப்பில் மிசின் ஓரிடத்தில் நிற்கிறது; களத்தில் பறக்கும் பதரையும் வைக்கோல் தூசியையும் அதே ஃபேன் இழுத்து ரேடியேற்றரின் முன்பக்கத்தில் அப்பி வைக்கிறது. சிறுபோக அறுவடை என்றால் கச்சான் காற்றின் வெக்கையும் சேர்ந்துகொள்ளும்.

கேஸ்கட் தானாக எரிவதில்லை. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானதாலோ, ஹெட்டின் நட்டுகள் தளர்ந்ததாலோ, ஹெட் வளைந்ததாலோதான் அது எரிகிறது. காரணத்தை விட்டுவிட்டுக் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் அடுத்த போகத்தில் அதே இடத்தில் அதே ஓட்டை விழும். இந்த வேலையில் கேஸ்கட்டை வைத்து மூடுவது மிகச் சிறிய பங்கு. அதற்கு முன்னால் செய்யும் அளவெடுப்பும் சுத்தமும், பின்னால் செய்யும் மறு இறுக்கமும்தான் வேலை. அந்த இரண்டையும்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே சொல்லும் அளவுகள் மெசி 135இலும் பிற்பாடு வந்த 240இலும் உள்ள பெர்க்கின்ஸ் ஏடி3.152 எஞ்சினுக்கானவை. மூன்று சிலிண்டர், 91.4 மில்லிமீற்றர் போர் (சிலிண்டரின் விட்டம்), 127 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 2.5 லீற்றர். ஹெட்டும் புளொக்கும் இரண்டுமே வார்ப்பிரும்பு. வேறு எஞ்சின் என்றால் முறை இதேதான், இலக்கங்கள் மாறும்.

கேஸ்கட்தானா என்று தெரிந்துகொள்வது

எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து, தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி, ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே, முதல் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள், விடாமல் குமிழி வந்தால் சிலிண்டரின் எரிவாயு தண்ணீர்ப் பாதைக்குள் போகிறது. எந்தச் சிலிண்டர் என்று அறிய, எஞ்சின் ஓடும்போதே நொசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் முனை) போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தலாம். அந்தச் சிலிண்டரில் எரிதல் நின்றதும் குமிழியும் குறைந்தால் ஆள் அகப்பட்டான். நட்டின் மேல் தடித்த துணியைச் சுற்றிவிட்டே தளர்த்த வேண்டும். நொசில் டீசலின் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது; அப்படிப் பட்டால் காயம் ஊசிமுனை அளவுதான் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டு சிலிண்டருக்கு நடுவில் எரிந்தால் தண்ணீரில் ஒரு குறியும் இருக்காது. இழுவை இறங்கிவிடும், ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களின் நொசில் நட்டைத் தளர்த்தினாலும் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. இதை நொசில் கோளாறு என்று நினைத்து நொசில்களைக் கழற்றி டீசல் பம்புக் கடைக்கு அனுப்பிக் காசைக் கரைப்பவர்கள் உண்டு.

ஒயில் பால் நிறமாக வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆனால் ராக்கர் மூடிக்குள் (ஹெட்டின் உச்சியில் வால்வுகளை மூடியிருப்பது) மட்டும் கொஞ்சம் வெண்ணுரை இருந்து, அளவுக்கம்பியில் ஒயில் நல்ல நிறத்தில் இருந்தால் பயப்படத் தேவையில்லை. மாரி மழைக்காலத்தில் கொஞ்ச நேரம் மட்டும் ஓடும் எஞ்சினில் ஈரம் படிந்து அப்படி வரும்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. இரவு நிறுத்திவைத்த மிசின் காலையில் 'டக்' என்று பிடித்துக்கொண்டு சுற்ற மறுத்தால் ஸ்டார்ட்டரை இரண்டாம் முறை அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நிரம்பியிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கொன்ரொட் வளையும். நொசில்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே மற்றதெல்லாம்.

கழற்றுவது

முதலில் மிசினைக் கழுவ வேண்டும். சேறும் கிரீசும் பிடித்த எஞ்சினின் ஹெட்டைத் தூக்கினால் அந்த மண் முழுவதும் சிலிண்டருக்குள்தான் விழும். பிறகு பற்றரி வயரைக் கழற்றித் தண்ணீரை இறக்குங்கள். ரேடியேற்றருக்கு அடியில் ஒரு குழாய், புளொக்கின் பக்கத்தில் ஒரு குழாய். புளொக்குக் குழாயைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால் ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்துங்கள். தடித்த செந்நிறச் சேறு வந்தால், கேஸ்கட் எரிந்த காரணத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.

போனட்டும் டீசல் தாங்கியும் போக வேண்டும். சைலன்சர், காற்று வடியின் (ஃபில்டர்) குழாய், மனிபோல்டுகள், தண்ணீர்க் குழாய்கள், நொசில் குழாய்கள், திரும்பு டீசல் குழாய், குளிர் ஸ்டார்ட்டுக்கான வயர் எல்லாம் கழன்ற பிறகு நொசில்களைக் கழற்றுங்கள். திறந்த டீசல் வாய் ஒவ்வொன்றையும் உடனே மூட வேண்டும். மணல் ஒரு துகள் போனாலும் பம்புக்குக் கேடு. ராக்கர் தொகுதியைக் கழற்றும்போது அதற்கு ஒயில் போகும் சிறு குழாயை வளைத்துவிடாமல் எடுங்கள். ராக்கர்களைத் தள்ளும் புஷ் ரொட்டுகளை ஒரு காட்போட் மட்டையில் துளைபோட்டு, இலக்கமிட்டு, வரிசை மாறாமல் குத்தி வையுங்கள். மேல்நுனி எது, கீழ்நுனி எது என்பதும் மாறக்கூடாது. அவை தத்தம் இடத்துக்கென்று தேய்ந்து பழகியவை.

இந்த வயது எஞ்சினில் பெரும்பாலான நட்டுகள் அங்குல அளவு. மில்லிமீற்றர் சாவியைப் போட்டு அழுத்தினால் மூலை உருண்டுவிடும். ஹெட் நட்டுகளை வெளியோரத்திலிருந்து நடு நோக்கி, ஒவ்வொன்றையும் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரே பக்கத்தை முழுதாகக் கழற்றினால் நல்ல ஹெட்டும் வளையும்.

ஹெட்டை இரண்டு பேர் சேர்ந்து நேராக மேலே தூக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இடுக்கில் திருப்புளியையோ உளியையோ செலுத்தக்கூடாது. அந்த ஒரு கீறல் பின்னர் தண்ணீர்ப் பாதையாகும். தடித்த மரக்கட்டையை ஹெட்டின் பக்கத்தில் வைத்து, சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் விட்டுக்கொடுக்கும்.

பழைய கேஸ்கட்டை எறிந்துவிடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் அதைப் படிக்க வேண்டும். கறுத்த பாதை ஒன்று சிலிண்டர் வளையத்திலிருந்து தண்ணீர்த் துளைக்குப் போகிறதா, பக்கத்துச் சிலிண்டருக்குப் போகிறதா, வெளிக்குப் போகிறதா என்று பாருங்கள். வளையத்தின் அழுத்தத் தடம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் நட்டு இறுக்கம் சீராக இருக்கவில்லை, அல்லது ஹெட் வளைந்திருக்கிறது. தண்ணீர்த் துளைகளைச் சுற்றித் தகட்டைத் துரு தின்றிருந்தால் குற்றம் தண்ணீருடையது. பின்பக்கச் சிலிண்டர் மட்டும் எரிந்திருந்தால், தண்ணீர்ப் பம்பிலிருந்து தூரமான அந்த மூலையில் வண்டல் அடைந்து சூடு தேங்கியிருக்கிறதா என்று புளொக்குக்குள் பாருங்கள்.

சுத்தமும் அளவும்

தண்ணீர்த் துளை, ஒயில் துளை, புஷ் ரொட் துளை அனைத்தையும் துணியால் அடைத்த பிறகே சுரண்டத் தொடங்க வேண்டும். பிஸ்டனைக் கீழே இறக்கி, லைனரின் (சிலிண்டரின் உட்குழாய்) மேல்விளிம்பைச் சுற்றி மெல்லிய கிரீஸ் பட்டை ஒன்று பூசிவிட்டால், விழும் தூசு அதில் ஒட்டும். பின்னர் துணியால் துடைத்து எடுத்துவிடலாம். சுரண்டுவதற்குப் பித்தளைத் தகடு அல்லது கடின மரம் நல்லது. கிரைண்டரில் பூட்டும் உரசு தட்டு வேண்டவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் மணி ஒயிலோடு சேர்ந்து பெயாரிங்குக்குப் போகும்; வார்ப்பிரும்பிலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும்.

இனி அளவு. 45 சென்றிமீற்றருக்குக் குறையாத, உண்மையிலேயே நேரான விளிம்புள்ள இரும்பு ஒன்றும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் தேவை. ஹெட்டின் முகத்தில் நீளவாக்கில் இரண்டு ஓரமும் நடுவும், இரண்டு மூலைவிட்டம், பிறகு குறுக்கே ஒவ்வொரு சிலிண்டர் இடைவெளியிலும் வைத்துப் பாருங்கள். குறுக்கே 0.08 மில்லிமீற்றர், நெடுக்கே 0.15 மில்லிமீற்றர் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் லேத்துப் பட்டறைக்குக் கொடுத்து முகம் சீவ வேண்டும். சீவுவதற்கும் எல்லை உண்டு. ஹெட் மெலிய மெலிய வால்வுகள் பிஸ்டனை நெருங்கும், நொசில் நுனி கீழே அதிகம் நீட்டும். ஆகவே சீவியபின் வால்வுத் தலை முகத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது, நொசில் எவ்வளவு வெளியே வருகிறது என்று இரண்டையும் அளந்து, அந்த எஞ்சின் இலக்கத்துக்குரிய கையேட்டோடு ஒப்பிட்டுத் தேவையானால் வால்வு இருக்கையை ஆழமாக்க வேண்டும். புளொக்கின் முகத்தையும் இதே இரும்பால் பாருங்கள். லைனர் விளிம்புகள் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்த உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் புதுக் கேஸ்கட் அங்கேயே முதலில் எரியும். அது லைனர் வேலை, ஹெட் வேலை அல்ல.

ஹெட்டில் விழுந்த வெடிப்பைத் தேட எளிய வழி மண்ணெண்ணெய். இரண்டு வால்வுகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய பாலத்திலும் நொசில் துளையைச் சுற்றியும் மண்ணெண்ணெய் பூசி, சற்று ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சுண்ணத்தூள் தூவி வையுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே ஊறிய மண்ணெண்ணெய் வெளியே கசிந்து வெள்ளையில் ஒரு கறுத்த கோடாக எழும். நன்றாகச் சூடாகிப்போன எஞ்சின் என்றால் இதோடு நிற்காமல், தண்ணீர்த் துளைகளைத் தகடு வைத்து அடைத்து, காற்றடித்து, வெந்நீரில் அமிழ்த்திப் பார்க்கக்கூடிய பட்டறையில் ஹெட்டைக் கொடுப்பது நல்லது. ஹெட் கையில் இருக்கும்போது வால்வுகளை அரைத்து, தண்டு சீல்களையும் மாற்றிவிடலாம்.

ஹெட் நட்டுகள் ஏறும் கம்பிகளான ஸ்டட்களின் நூலைச் (புரியைச்) சுத்தமாக்க வேண்டும். துருப்பிடித்த நூலில் நட்டை இறுக்கினால், சாவி காட்டும் இறுக்கத்தில் பெரும்பகுதி உராய்வில் போய்விடும்; கேஸ்கட்டுக்குப் போய்ச் சேராது. எல்லா ஸ்டட்டையும் ஒரு நேர்விளிம்போடு ஒட்டிப் பாருங்கள். நடுவில் மெலிந்தது, நூல் இழுபட்டது எதுவும் திரும்பப் போகக்கூடாது.

காரணத்தைத் திருத்துவது

ஹெட் பட்டறையில் இருக்கும் நேரத்தில் ரேடியேற்றரைக் கழற்றுங்கள். ஃபேன் முன்னாலிருந்து பின்னுக்குக் காற்றை இழுப்பதால் பதர் முன்முகத்தில் அடைகிறது; ஆகவே எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கித்தான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். சேர்விஸ் நிலையத்து உயரழுத்தப் பீச்சு வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். ஒயில் ஒழுகும் எஞ்சினில் அந்த ஒயில் படலமே பதரைப் பசைபோல் பிடித்து வைக்கும். அதற்கு முதலில் சவர்க்காரத் தண்ணீர். உட்புறத்தைச் சோதிக்க, கீழ்க்குழாயைக் கையால் அடைத்து மேலே நிரப்பி, சட்டென்று விடுங்கள். குபுகுபுவென்று கொட்ட வேண்டும். ஒழுகிக்கொண்டே நின்றால் உள்ளே அடைப்பு. ரேடியேற்றரின் தாங்கியைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியாக் கரையோரக் கிணறுகளில் பலவற்றின் தண்ணீர் உவர். வாய்க்கு உவர்க்கும் தண்ணீர் வார்ப்பிரும்பையும் தின்னும். வாய்க்கால் தண்ணீரில் வண்டல் இருக்கும். இரண்டையும் வயலில் நின்று வாளியால் அள்ளி ஊற்றுவதுதான் வழக்கமாக இருக்கிறது. ஊற்றுவது ஆவியாகப் போகும், உப்பு மட்டும் தங்கும், மறுபடி ஊற்றுவார்கள், உப்பு ஏறிக்கொண்டே போகும். லைனரைச் சுற்றிப் படியும் அந்த ஓடு சூட்டை வெளியேற விடாது. மாரியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோதான் இதற்குச் சரி. அதோடு கூலன்டைப் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். திருகோணமலையில் தண்ணீர் உறையப்போவதில்லை என்பது உண்மை. ஆனால் கூலன்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. மொத்தம் ஏறத்தாழ 10 லீற்றர் பிடிக்கும்.

மூடியும் முக்கியம். 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடி நன்றாக மூடினால் வெறும் தண்ணீரே சுமார் 111 பாகையில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடியில் 100 பாகையிலேயே கொதித்து, ஹெட்டின் மிகச் சூடான இடத்தில் ஆவிக் குமிழி கட்டி, அந்த இடம் வறண்டுபோகும். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் தடுக்கும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இங்கே பரவலான பழக்கம்; அது வேண்டாம். தேர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் லேசான வேலையில் வேண்டிய சூட்டுக்கு வராமல் ஓடி லைனரைத் தேய்க்கும். நல்லதா என்று சோதிக்கச் சட்டியில் தண்ணீரோடு கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 80 பாகை அளவில் திறக்கத் தொடங்க வேண்டும். ஃபேன் பெல்ட்டும் தண்ணீர்ப் பம்பின் தண்டு ஆட்டமும் ஒரு நிமிட வேலை, அதையும் பார்த்துவிடுங்கள்.

பூட்டுவது

புதுக் கேஸ்கட்டை வெறும் புளொக்கின் மேல் வைத்து எல்லாத் துளைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னையில் பெர்க்கின்ஸ் உரிமத்தோடு சிம்சன் செய்த எஞ்சின்களுக்கான கேஸ்கட்டுகள் தோற்றத்தில் ஒத்திருக்கும். ஒரு துளை மாறினாலும் தண்ணீர் ஓட்டம் மாறிவிடும். அதேவேளை, கேஸ்கட்டின் தண்ணீர்த் துளை புளொக்கின் துளையைவிடச் சிறிதாக இருப்பது பிழையல்ல. தண்ணீரைப் பங்கிட்டு அனுப்பத்தான் அப்படி. அதைப் பெரிதாக்கக்கூடாது. மேற்பக்கமும் முன்பக்கமும் எது என்று கேஸ்கட்டிலேயே எழுதியிருக்கும்.

பழைய செப்புத்தகடு வகைக்கு இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சு வேண்டும். இப்போது கிடைக்கும் கறுப்புக் கலவை வகையை உலர்வாகவே வைக்க வேண்டும்: கிரீஸ், சிலிக்கன், சில்வர் பெயின்ட் எதுவும் கூடாது. பூசினால் இறுக்கும்போது வழுக்கி, வளையம் இடம் மாறும்.

ஸ்டட் நூலில் ஒரு சொட்டு எஞ்சின் ஒயில். ஹெட்டைச் சாய்க்காமல் நேராக இறக்கி, நட்டுகளை நடுவிலிருந்து சுழன்று வெளியோரத்துக்குப் போகும் ஒழுங்கில் மூன்று சுற்றாக இறுக்குங்கள்: முதலில் 34, பிறகு 61, கடைசியில் 81 நியூட்டன் மீற்றர். கடைசி அளவு அடி-இறாத்தலில் 60.

இறுக்கத்தின் அளவைக் காட்டும் சாவியான டோர்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் கைக்கணக்கில் இறுக்காதீர்கள். நட்டின் நடுவிலிருந்து சரியாக 60 சென்றிமீற்றர் தூரத்தில், சாவிக் கைபிடியில் மீன்கடைத் தொங்கு தராசு ஒன்றைக் கொளுவி, கைபிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 5.8 கிலோ காட்டினால் முதற் சுற்று, 10.4 கிலோ இரண்டாம் சுற்று, 13.8 கிலோ கடைசிச் சுற்று. இழுப்பு மெதுவாகவும் விட்டுவிடாமலும் இருக்க வேண்டும். சரியாகச் செய்தால் இது ஊகத்தைவிட எவ்வளவோ மேல்.

நொசில்களுக்குப் புதுச் செப்பு வாசர், சமமாக இறுக்கிய நட்டுகள். வால்வு இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.30 மில்லிமீற்றர், உள்வால்வுக்கும் வெளிவால்வுக்கும் ஒன்றே. சிலிண்டர்கள் எரியும் ஒழுங்கு 1, 2, 3. முதற் சிலிண்டரை அமுக்கத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து அதன் இரண்டு வால்வையும் சரிசெய்து, கிராங்கை மூன்றில் இரண்டு சுற்றுத் திருப்பினால் இரண்டாம் சிலிண்டர், இன்னும் அவ்வளவு திருப்பினால் மூன்றாவது.

ஒயிலில் தண்ணீர் கலந்திருந்தால் ஒயிலும் ஒயில் வடியும் மாற்றியே ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஏறக்குறைய 7 லீற்றர். சில மணி நேரம் ஓடியபின் அதையும் இறக்கிவிட்டு மறுபடி புது ஒயில். பால் ஒயிலோடு நெடுநேரம் வேலைசெய்த மிசின் என்றால் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பைக் கழற்றி, பெயாரிங்கின் ஓடு ஒன்றையாவது பார்த்துவிடுங்கள்.

டீசல் பாதையில் காற்று எடுப்பது வழக்கமான ஒழுங்குதான்: டீசல் வடி, பம்பின் இரண்டு காற்றுத் திருகாணிகள், கடைசியில் நொசில் நட்டுகள்.

போனட்டையும் தாங்கியையும் இன்னும் பூட்ட வேண்டாம். உயரத்தில் வைத்த ஒரு கானிலிருந்து குழாய் கொடுத்து ஓட்டுங்கள். தாங்கி ஏறிவிட்டால் மறு இறுக்கத்துக்கு அதைத் திரும்பக் கழற்ற வேண்டும் என்பதாலேயே பலர் அந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் 77 பாகையைத் தாண்டும் வரை ஓட்டி நிறுத்தி, ராக்கர் மூடியைத் திறந்து, அதே ஒழுங்கில் ஒவ்வொரு நட்டாக ஆறில் ஒரு சுற்றுக்கு மேற்போகாமல் தளர்த்தி, உடனே 81க்கு இறுக்குங்கள். ஒரு நட்டு முடிந்த பிறகே அடுத்தது. முடிந்ததும் முதலில் இறுக்கிய நடு நட்டுகளை இன்னொரு முறை பாருங்கள். கேஸ்கட் சூட்டில் படிந்து மெலிவதால் அவை மறுபடி தளர்ந்திருக்கும். பிறகு வால்வு இடைவெளி, சூட்டில் 0.25 மில்லிமீற்றர்.

25 முதல் 50 மணி நேர வேலைக்குப் பின் இதை இன்னொரு முறை செய்ய வேண்டும். வாடகைக்கு ஓடும் மிசின் சேறடிப்புக் காலத்தில் அந்த மணிக்கணக்கைச் சில நாட்களில் எட்டிவிடும். மிசினை ஒப்படைக்கும்போதே அந்த நாளைக் குறித்துக் கொடுத்து, வயல்காரரிடம் அரை நாள் கேட்டு வாங்கிவைப்பது மெக்கானிக்கின் பொறுப்பு.

எல்லாம் சரியாகச் செய்தும் ரேடியேற்றரில் குமிழி வந்தால் இன்னொரு கேஸ்கட் வாங்கப் போகாதீர்கள். நிரப்பியபோது உள்ளே தங்கிய காற்று முதலில் கொஞ்சம் குமிழும்; எஞ்சின் சூடாகி தேர்மோஸ்டாட் திறந்தபின் அது நின்றுவிடும். நிற்காத குமிழி ஹெட்டிலோ புளொக்கிலோ விழுந்த வெடிப்பினுடையது. ஹெட்டைக் காற்றடித்துச் சோதிக்காமல் விட்டிருந்தால் இப்போது கொடுங்கள். ஹெட் நல்லதென்று வந்தால் லைனரை எடுத்து, அதன் பின்னாலுள்ள புளொக்குச் சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.